5 முறை மோது, 6-வது முறை உதை: ரக்பி லீக் ரசிகர்கள் ஏன் பயிற்சியாளர்கள் மேல் கடுப்பாகிறார்கள்?

சொந்த மண்ணில் 3 ஆட்டங்கள். எடுத்தது மொத்தமே 18 புள்ளிகள்.

2025 அக்டோபர், நவம்பரில் ஆஸ்திரேலியாவுடன் மோதிய ஆஷஸ் தொடரில் இங்கிலாந்து ரக்பி லீக் அணியின் கணக்கு இதுதான். ஆஷஸ் என்றால் கிரிக்கெட் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ரக்பி லீக்கிலும் அதே பெயரில் 1908-லிருந்து ஒரு தொடர் இருக்கிறது. 2003-க்குப் பிறகு நின்றுபோயிருந்த அந்தத் தொடர் 22 ஆண்டுகள் கழித்துத் திரும்ப வந்தது. வெம்ப்ளியில் 6-26, லிவர்பூலில் 4-14, லீட்ஸில் 8-30. மூன்றிலும் தோல்வி. லிவர்பூல் ஆட்டத்தில் இங்கிலாந்து ஒரு ட்ரை கூட அடிக்கவில்லை. வந்த 4 புள்ளிகளும் பெனால்டி உதைகளில் வந்தவை.

தோல்வி இந்த ரசிகர்களுக்குப் புதுசு இல்லை. பிரிட்டன் தரப்பு ஆஷஸை கடைசியாக வென்றது 1970-ல். இப்போது கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் புலம்பலைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தோத்தது பரவாயில்லைப்பா. புதுசா ஒண்ணுமே முயற்சி பண்ணாம தோத்தீங்க பாரு, அதைத்தான் தாங்க முடியல."

இந்தக் கோபம் நியாயமானதா? பயிற்சியாளர்கள் உண்மையிலேயே கற்பனை வறண்டவர்களா? இல்லை, ஆட்டமே அவர்களை அப்படி ஆட வைக்கிறதா? கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில், ரக்பி லீக் என்றால் என்ன?

இலங்கையில் கண்டி, கொழும்பு பள்ளிகளில் ஆடப்படுவது ரக்பி யூனியன். அதில் அணிக்கு 15 பேர். ரக்பி லீக் அதிலிருந்து பிரிந்த தனி ஆட்டம். 1895-ல் இங்கிலாந்தின் வடக்கே, ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர்களின் கிளப்புகள் தனியாகப் பிரிந்தன. ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாமல் இழக்கும் கூலியை வீரர்களுக்கு ஈடுகட்டலாமா, கூடாதா என்பதுதான் சண்டை. இன்று இந்த ஆட்டம் வடக்கு இங்கிலாந்திலும், ஆஸ்திரேலியாவின் சிட்னி, பிரிஸ்பேன் பகுதிகளிலும், நியூசிலாந்திலும், பாப்புவா நியூ கினியிலும் உயிரோடு இருக்கிறது.

அணிக்கு 13 பேர், 80 நிமிடம். பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டி தரையில் வைத்தால் ட்ரை, 4 புள்ளிகள். அதைத் தொடரும் உதை கம்பங்களுக்கு நடுவே போனால் மேலும் 2.

நம்ம கதைக்கு முக்கியமான விதி ஒன்றுதான். பந்து வைத்திருக்கும் அணிக்கு 6 வாய்ப்புகள். பந்தோடு ஓடுகிறவரை எதிரணி மடக்கிப் பிடித்தால் ஒரு டேக்கிள் கணக்கில் சேரும். பிடிபட்டவர் எழுந்து, பந்தைக் காலால் பின்னால் தள்ளி ஆட்டத்தைத் தொடர்வார். 6-வது டேக்கிளும் விழுந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் 5 டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் பந்தைத் தூரமாக உதைத்துவிடுவார்கள். இந்த 6 வாய்ப்புகளைச் சேர்த்து ஒரு 'செட்' என்பார்கள்.

ரசிகர் எதைப் பார்த்துக் கடுப்பாகிறார்?

இதோ ஒரு சாதாரண செட். பருமனான முன்வரிசை வீரர் ஒருவர் பந்தை வாங்கி நேராக ஓடி எதிரணிச் சுவரில் மோதுகிறார். மூன்று பேர் பிடித்துத் தள்ளுகிறார்கள். அடுத்தவர் வாங்கி மோதுகிறார். அடுத்தவரும் மோதுகிறார். இப்படி 5 முறை. பிறகு ஹாஃப்பேக் பந்தை வானத்தை நோக்கியோ மைதானத்தின் மூலைக்கோ உதைக்கிறார். இப்போது எதிரணி அதையே திருப்பிச் செய்கிறது.

இந்தக் காட்சியை 80 நிமிடமும் பார்த்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

கபடி பார்க்கிறவர்களுக்கு இது உடனே புரியும். ரெய்டுக்குப் போகிறவர் பாக் லைனை மட்டும் தொட்டுவிட்டு, யாரையும் சீண்டாமல் பத்திரமாகத் திரும்பி வருவாரே, அந்த மாதிரிதான் இதுவும். அதைத் தடுக்கத்தான் புரோ கபடியில் தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால் மூன்றாவது 'டூ ஆர் டை' என்று விதி வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பாக ஆடுவது லாபம் என்றால் எல்லாரும் அதைத்தான் ஆடுவார்கள். விதி கையைப் பிடித்து இழுத்தால்தான் வெளியே வருவார்கள்.

சரி, பயிற்சியாளர் ஏன் அப்படி ஆடச் சொல்கிறார்?

காரணம் ஒரு எளிய கணக்கு. மைதானத்தின் நீளம் 100 மீட்டர். ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்க வேண்டும். அதனால் எந்த வித்தையும் இல்லாமல் நேராக ஓடி மோதினாலே ஓரளவு தூரம் உறுதியாகக் கிடைக்கும். 5 முறை மோதினால் பாதி மைதானத்தை நெருங்கிவிடலாம். அங்கிருந்து மூலைக்கு உதைத்தால் எதிரணி தன் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புள்ளி வராவிட்டாலும் இடம் நம் பக்கம் சாய்ந்துவிடும்.

இப்போது மாற்றி யோசியுங்கள். நம் கோட்டிலிருந்து 20 மீட்டரில், இரண்டாவது டேக்கிளிலேயே ஒரு வீரர் துணிச்சலாகப் பந்தை அகலமாக வீசுகிறார். அது கை நழுவுகிறது. எதிரணிக்கு நம் வாசலிலேயே 6 புது வாய்ப்புகள். ஒரு தவறுக்கு விலை 6 புள்ளிகள்கூட ஆகலாம். ஆக, துணிச்சல் பலித்தால் கிடைப்பதைவிட பலிக்காவிட்டால் போவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இதோடு ஒரு எண்ணும் சேர்ந்துகொண்டது: கம்ப்ளீஷன் ரேட். ஓர் ஆட்டத்தில் அணிக்குச் சுமார் 35 முதல் 40 செட் கிடைக்கும். அதில் எத்தனை செட்டைப் பந்தை நழுவவிடாமல், தவறு செய்யாமல் முடித்தார்கள் என்பதன் சதவீதம்தான் இது. 80 சதவீதத்தைத் தொட்டால் நல்ல அணி என்பது பயிற்சியாளர்கள் மத்தியில் கிட்டத்தட்ட வேதவாக்கு. தோற்ற பிறகு செய்தியாளர் சந்திப்பில் பயிற்சியாளர் முதலில் எடுப்பதும் இந்த எண்ணைத்தான்.

இந்த எண்ணில் ஒரு ஓட்டை இருக்கிறது. 5 முறை மோதி, நேராக எதிரணி ஃபுல்பேக்கின் கையில் உதைத்துக் கொடுத்தாலும் அந்த செட் 'முடிந்தது' என்றுதான் கணக்கு. அருமையாக நகர்த்தி ட்ரை அடித்தாலும் அதே கணக்குதான். பந்து கீழே விழுந்ததா, இல்லையா என்பதை மட்டும் சொல்லும் எண் இது. பந்தை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லாது.

இன்னொரு காரணமும் இருக்கு. அது வேலை பயம். வழக்கமான முறையில் ஆடித் தோற்றால், வீரர்கள் உழைக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். புதுசா எதையாவது முயன்று தோற்றால் பழி நேராகப் பயிற்சியாளர் தலையில். எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லவும் வேண்டுமா?

இது இன்றைய புகாரா?

இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் இதையே சொல்லிப் புலம்பியிருக்கிறது.

1966 வரை டேக்கிளுக்கு எண்ணிக்கையே கிடையாது. பந்து கையில் இருந்தால் நாள் முழுக்க வைத்துக்கொண்டு மோதலாம். சிட்னியின் செயின்ட் ஜார்ஜ் அணி 1956 முதல் 1966 வரை தொடர்ந்து 11 முறை சாம்பியன். அது மகத்தான அணி, சந்தேகமில்லை. ஆனால் பந்தை விடாமல் வைத்திருப்பதே வெற்றிக்கு வழி என்ற நிலை பார்வையாளர்களைச் சோர்வடைய வைத்தது. 1966-ல் இங்கிலாந்திலும் அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் 4 டேக்கிள் விதி வந்தது. அது அவசர அடியாகத் தெரிந்ததால் ஆஸ்திரேலியாவில் 1971-ல் 6 ஆனது, இங்கிலாந்து அடுத்த ஆண்டு பின்தொடர்ந்தது.

பிறகு எண்களின் காலம். ஜாக் கிப்சன் என்ற ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் அமெரிக்க ஃபுட்பாலைப் பார்த்துப் படித்து, யார் எத்தனை டேக்கிள் செய்தார் என்று எண்ணவும், பயிற்சியில் கணினியைப் பயன்படுத்தவும் வழிகாட்டினார். 5 முறை சாம்பியன் பட்டம் வென்றவர். தவறு செய்யாத அணியே ஜெயிக்கும் என்ற பாடம் அந்தக் காலத்தில் ஆழமாக ஊன்றியது.

அதன் உச்சம் 1986 சிட்னி இறுதிப் போட்டி. பரமட்டா 4, கேன்டர்பரி 2. இரு தரப்பிலும் ஒரு ட்ரை கூட இல்லை. எல்லாம் பெனால்டி உதைகள். ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் வாழும் வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பகுதிகளுக்குப் பக்கத்து கிளப்தான் பரமட்டா. அந்த 4-2 வெற்றிதான் இன்றுவரை அவர்களின் கடைசி சாம்பியன் பட்டம்.

பத்திரமா ஆடி, கையில் இருந்ததை விட்ட கதை

1989 இறுதிப் போட்டியை ஆஸ்திரேலிய ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள். பால்மெய்ன் அணி இடைவேளையில் கேன்பராவை 12-2 என்று முந்தியிருந்தது. ஆட்டம் முடியும் கட்டத்திலும் முன்னிலையில் இருந்தது. முன்னிலையைக் காப்பாற்ற பயிற்சியாளர் வாரன் ரையன், அணியின் பலமான தாக்குதல் வீரர்கள் ஸ்டீவ் ரோச்சையும் பால் சைரனனையும் வெளியே எடுத்துவிட்டு, தடுப்பதில் கெட்டிக்காரர்களை இறக்கினார்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் கேன்பராவின் ஜான் ஃபெர்குசன் ட்ரை அடித்தார். மால் மெனிங்காவின் உதையில் 14-14. கூடுதல் நேரம். அப்போது தாக்க ஆள் வேண்டும், ஆனால் ரோச்சும் சைரனனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய விதிப்படி அவர்கள் திரும்ப இறங்க முடியாது. கேன்பரா 19-14 என வென்றது.

ரையன் சாதாரண ஆள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1984, 1985-ல் கேன்டர்பரிக்குப் பட்டம் வாங்கித் தந்தவர், ஆட்டத்தின் கூர்மையான மூளைகளில் ஒருவர். கற்பனை இல்லாதவர் செய்த தவறு அல்ல இது. முன்னிலை கையில் இருக்கும்போது புத்திசாலிகளும் பயத்தின் பக்கம் போவார்கள் என்பதற்கான சாட்சி.

அந்த பால்மெய்ன் கிளப் பின்னர் வெஸ்டர்ன் சபர்ப்ஸுடன் இணைந்து வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ஆனது. 2005 இறுதிப் போட்டியில் அதே புலிச் சின்னம். தங்கள் கோட்டுக்கு அருகிலிருந்து ஓடத் தொடங்கிய பென்ஜி மார்ஷல், எதிரணிப் பகுதிக்குள் போய், முதுகுக்குப் பின்னால் கையைச் சுழற்றி ஒரு பாஸ் கொடுத்தார். பேட் ரிச்சர்ட்ஸ் வாங்கி ஓடி ட்ரை அடித்தார். டைகர்ஸ் 30, நார்த் குவீன்ஸ்லாந்து 16. எந்தப் பயிற்சியாளரின் கையேட்டிலும் இல்லாத பாஸ் அது. 20 ஆண்டு தாண்டியும் அந்த இறுதிப் போட்டி என்றாலே எல்லாருக்கும் நினைவு வருவது அதுதான்.

ஆனா பத்திரமா ஆடுறவங்கதானே ஜெயிக்கிறாங்க?

இது நியாயமான எதிர்க்கேள்வி. இதைத் தாண்டிப் போக முடியாது.

வெஸ்ட்ஸ் டைகர்ஸையே எடுத்துக்கொள்வோம். 2011-க்குப் பிறகு 2025 வரை அவர்கள் இறுதிச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் கடைசி இடம். பழைய வித்தையின் நினைவு மட்டும் ஒரு கிளப்பைக் காப்பாற்றாது.

மறுபக்கம் பென்ரித். ஐவன் கிளியரியின் பயிற்சியில் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து 4 முறை சாம்பியன். அவர்கள் ஆட்டத்தின் அடித்தளம் என்ன? தவறு செய்யாதே, ஒவ்வொரு செட்டையும் முடி, மூலைக்கு உதை, எதிரணியை மூச்சு வாங்க வை. ரசிகர் திட்டும் அதே பாடம்தான்.

அங்கேதான் 2023 இறுதிப் போட்டி முக்கியமாகிறது. பிரிஸ்பேன் 24, பென்ரித் 8. இனி மோதிக்கொண்டே இருந்தால் கதை முடிந்தது என்ற நிலை. கடைசி 20 நிமிடத்தில் ஐவனின் மகன் நேதன் கிளியரி கையேட்டை மூடி வைத்தார். தன் 40 மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து உதைத்து, எதிரணியின் 20 மீட்டருக்குள் பந்து தரையில் குதித்து வெளியே போகும்படி செய்தார். அப்படி உதைத்தால் பந்து மீண்டும் உதைத்த அணிக்கே. தடுப்புச் சுவரில் இடைவெளி தெரிந்தால் தானே ஓடினார். மூன்று ட்ரை. கடைசியை அவரே அடித்தார். 26-24.

பென்ரித்தின் அடித்தளம் அவர்களை ஐந்து இறுதிப் போட்டிகளுக்குக் கொண்டுபோனது. அந்த ஒரு இரவில் பட்டத்தைத் தந்தது அடித்தளத்தை விட்டு வெளியே வரத் தெரிந்த ஒருவர். இரண்டும் வேண்டும்.

2025-ம் இதைத்தான் சொன்னது. இறுதிப் போட்டியில் மெல்பர்னிடம் இடைவேளையில் 12-22 என்று பின்தங்கிய பிரிஸ்பேன், 26-22 என வென்று 2006-க்குப் பிறகு முதல் பட்டத்தை எடுத்தது. ஆட்டநாயகன் ரீஸ் வால்ஷ். எந்த நேரத்தில் தவறு செய்வார், எந்த நேரத்தில் அதிசயம் செய்வார் என்று தெரியாத ஃபுல்பேக். கம்ப்ளீஷன் ரேட்டை மட்டும் பார்க்கும் பயிற்சியாளர் அவரைக் கட்டிப்போட்டிருப்பார்.

சில வாரங்கள் கழித்து அதே வால்ஷ் வெம்ப்ளியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு ட்ரை அடித்தார்.

விதியை மாற்றினால் சரியாகிவிடுமா?

மாற்றிப் பார்த்தார்கள். 1993-ல் தடுப்பு அணி பின்வாங்கும் தூரத்தை 5 மீட்டரிலிருந்து 10 ஆக்கினார்கள். 2020-ல் ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல் தொடரில் 'சிக்ஸ் அகெய்ன்' வந்தது. பிடித்தவரைத் தரையில் அழுத்தி, எழ விடாமல் தாமதப்படுத்தினால் பெனால்டிக்காக ஆட்டத்தை நிறுத்தாமல், டேக்கிள் கணக்கை மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். ஆட்டம் வேகமாகும், வித்தைக்கு இடம் கிடைக்கும் என்பது எண்ணம்.

பயிற்சியாளர்கள் அதிலும் பத்திரமான ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். எதிரணி தன் கோட்டுக்குப் பக்கத்தில் முதல் டேக்கிளில் இருக்கும்போது வேண்டுமென்றே தப்பு செய்தால் என்ன நஷ்டம்? ஒரே ஒரு டேக்கிள்தான் கூடுதலாகக் கொடுக்கிறோம். பதிலுக்கு நம் தடுப்புச் சுவர் ஒழுங்காக வரிசை கட்ட நேரம் கிடைக்கும். கடைசியில் 2022-ல், பந்து வைத்திருக்கும் அணி தன் 40 மீட்டருக்குள் இருந்தால் முழு பெனால்டி என்று விதியைத் திருத்த வேண்டியதாயிற்று.

அதாவது, கற்பனை இல்லை என்று திட்டப்படுபவர்களிடம் கற்பனை ஏராளமாக இருக்கிறது. அது ஆட்டத்தைத் திறக்கப் பயன்படவில்லை, அடைக்கப் பயன்படுகிறது.

அப்போ இங்கிலாந்து தோற்றதற்குப் பயிற்சியாளர்தான் காரணமா?

முழுக்க அப்படிச் சொன்னால் நியாயம் இல்லை. ஆஸ்திரேலிய வீரர்கள் வாரா வாரம் என்ஆர்எல்லில் மோதி வளர்ந்தவர்கள். அங்குள்ள வேகமும் அடியும் இங்கிலாந்தின் சூப்பர் லீக்கில் எல்லா வாரமும் கிடைப்பதில்லை. தவிர, வித்தை காட்ட நேரம் வேண்டும். பிடிபட்டவர் சீக்கிரம் எழுந்து பந்தைத் தள்ளினால்தான் எதிரணிச் சுவர் சரியாவதற்குள் பந்தை அகலமாக நகர்த்த முடியும். அந்த முதல் சண்டையிலேயே தோற்றால் ஹாஃப்பேக் என்ன செய்வார்?

ஆனால் பலத்தில் குறைந்த அணிக்குத்தான் கற்பனை அதிகம் தேவை. இதுதான் ரசிகர் வாதத்தின் வலுவான பகுதி. எதிரணி உங்களைவிட பலசாலி, வேகமானவர் என்று தெரிந்தும், அவர் பழகிய ஆட்டத்தையே அவரோடு ஆடினால் முடிவு என்னவாகும்? பாதுகாப்பான ஆட்டம் பலசாலிக்குத்தான் பாதுகாப்பு. பலவீனமானவருக்கு அது கொஞ்சம் மரியாதையாகத் தோற்கும் வழி, அவ்வளவுதான். 14-4 என்ற ஸ்கோர் கௌரவமாகத் தெரியலாம். ஆனால் அந்த 80 நிமிடத்தில் ஜெயிக்க ஒரு வழியாவது திறந்ததா?

ரசிகர் என்ன கேட்க வேண்டும்?

"ஏன் தோத்தீங்க?" என்ற கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான் வரும்: தவறுகள் அதிகம், கம்ப்ளீஷன் குறைவு. கேள்வியை மாற்றினால் பதிலும் மாறும்.

இரண்டாவது, மூன்றாவது டேக்கிளில் பந்து எத்தனை முறை நடுப்பகுதியை விட்டு வெளியே போனது? எதிரணி எதிர்பார்க்காத இடத்திலிருந்து எத்தனை முறை தாக்கினோம்? திட்டத்தை மீறி முடிவெடுக்க அணியில் யாருக்கு அனுமதி இருக்கிறது? அவர் முதல் தவறைச் செய்தால் அடுத்த ஆட்டத்தில் இருப்பாரா?

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். விகன், செயின்ட் ஹெலன்ஸ், ஹல் போன்ற ஊர்களில் 14 வயதுப் பையன் ஒருவன், பந்தை நழுவவிட்டால் வெளியே உட்கார வைப்பார்கள் என்பதை முதல் பாடமாகக் கற்றுக்கொண்டால், 24 வயதில் அவனிடம் முதுகுக்குப் பின்னால் பாஸ் எதிர்பார்க்க முடியாது. ஒரு தலைமுறையின் பயம் அடுத்த தலைமுறையின் திறமைக் குறைவாகிவிடும்.

அடுத்த உலகக் கோப்பை 2026 அக்டோபர், நவம்பரில் ஆஸ்திரேலியாவில். 2022-ல் சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் இங்கிலாந்து சமோவாவை 60-6 என்று நொறுக்கியது. அதே சமோவாவிடம் அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் 26-27 எனத் தோற்றது. அந்தத் தோல்வி வலித்தது, ஆனால் அது ஆட்டமாக இருந்தது. ரசிகர்கள் கேட்பதும் பெரிதாக ஒன்றும் இல்லை. டிக்கெட் வாங்கி, மழையில் நனைந்து, பஸ் பிடித்து வீடு திரும்பும்போது பேசிக்கொண்டு போக ஒரு தருணமாவது வேண்டும் என்கிறார்கள்.